அசாசின்ஸ் க்ரீட் ஷேடோஸ்: பல மாதம் விளையாடிய பிறகு

2025 மார்ச் 20 அன்று வெளிவந்த அசாசின்ஸ் க்ரீட் ஷேடோஸ் என்ற வீடியோ கேமை அன்றிலிருந்து விட்டுவிட்டு விளையாடி வருகிறேன். கதை எப்போதோ முடிந்துவிட்டது. இன்னும் நான் அதைத் திறப்பதற்குக் காரணம் அதன் இருட்டு. சுருக்கமாகச் சொன்னால், கதைக்காக வாங்கினால் பாதி திருப்திதான் கிடைக்கும். இரவில் ஒரு கோட்டைக்குள் சத்தமில்லாமல் புகுந்து வெளியே வருவதற்காக வாங்கினால், இந்தத் தொடரிலேயே இதற்கு ஈடாக எதுவும் இல்லை என்பேன்.

2007-இல் முதல் பாகம் வந்ததிலிருந்தே ரசிகர்கள் ஜப்பானைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எகிப்து, கிரீஸ், இங்கிலாந்து, பாக்தாத் எல்லாம் சுற்றிய பிறகுதான் அது கிடைத்தது. கதை நடப்பது, போர்ப்பிரபு ஓடா நொபுனாகா ஒவ்வொரு மாகாணமாக வளைத்துக்கொண்டிருந்த காலத்தில். நாம் விளையாடும் பாத்திரங்கள் இரண்டு. ஒருவர், நொபுனாகாவின் படை இகா மாகாணத்தை அழித்ததில் தன் மண்ணை இழந்த ஷினோபிப் பெண் (ஷினோபி என்றால் நிஞ்சா) நாவோயே. இன்னொருவர், அதே நொபுனாகாவிடம் சேவகம் செய்த ஆப்பிரிக்க வீரன் யாசுகே. நாவோயே கற்பனைப் பாத்திரம்; யாசுகே நிஜமாக வாழ்ந்தவர். 1581-இல் அவர் நொபுனாகாவைச் சந்தித்ததை ஜப்பானியக் குறிப்புகளும் ஏசு சபைப் பாதிரியார்களின் கடிதங்களும் சொல்கின்றன. அடுத்த ஆண்டு ஹொன்னோஜி கோயிலில் நொபுனாகா இறந்த பிறகு கொஞ்ச நாளிலேயே யாசுகே வரலாற்றிலிருந்து காணாமல் போகிறார். அந்த வெற்றிடத்தைத்தான் விளையாட்டு தன் கற்பனையால் நிரப்புகிறது.

சரி, இருட்டுக்கு வருவோம். பழைய பாகங்களில் புதருக்குள் உட்கார்ந்தால் மறைந்தோம், வெளியே வந்தால் மாட்டினோம், அவ்வளவுதான். இதில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதுதான் கணக்கு. நிழலுக்குள் நின்றால் காவலர்களுக்கு நாவோயே எளிதில் தெரிய மாட்டாள். விளக்கு எரியும் முற்றத்தைக் கடக்க வேண்டுமா? முதலில் விளக்கை அணைக்க வேண்டும். பக்கத்தில் போய் அணைக்கலாம், தூரத்திலிருந்து ஷுரிகென் என்ற எறிகத்தியை வீசியும் அணைக்கலாம். தரையோடு தரையாகப் படுத்து ஊரலாம் என்பது இந்தத் தொடருக்குப் புதிது. மரத்தரைக்கு அடியில் இருக்கும் இடைவெளியில் ஊர்ந்துபோய், மேலே நடப்பவர்களின் காலடியைக் கேட்டுக்கொண்டே அடுத்த அறைக்குப் போவது இன்றும் எனக்குப் படபடப்பைத் தருகிறது. காகிதக் கதவுக்குப் பின்னால் நிற்பவனின் நிழல் கதவில் விழும். கதவைத் திறக்காமல் காகிதத்தோடு சேர்த்தே கத்தியைப் பாய்ச்சலாம்.

பருவங்கள் இதை இன்னும் அழகாக்குகின்றன. கோடையில் உயரமாக வளர்ந்த புல்லில் ஒளிந்து போன வழி குளிர்காலத்தில் அப்படியே இருக்காது. புல் பட்டுப்போய் வெட்டவெளியாகிவிடும். மூங்கில் குழல் வழியாக மூச்சுவிட்டபடி மூழ்கிக் கிடந்த குளம் உறைந்திருக்கும். கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கட்டிகள் நாம் தொற்றும்போது உடைந்து விழுந்து சத்தம் போடும். ஆனால் அதே குளிர்காலத்துப் பனிமூட்டமும் காற்றும் வேறு விதத்தில் நமக்கு உதவுகின்றன. ஒரே கோட்டைக்குப் பருவம் மாறிய பிறகு திரும்பப் போனால் பழைய திட்டம் பாதிக்கு மேல் உதவாது. நான் இன்னும் விளையாடுவதற்கு இதுவே பெரிய காரணம்.

கோட்டைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நொபுனாகா கட்டிய அசுச்சி கோட்டை 1582-லேயே எரிந்துபோனது. இன்று அங்கே கல் அடித்தளங்களும் படிக்கட்டுகளும்தான் மிச்சம். விளையாட்டில் அது முழுசாக எழுந்து நிற்கிறது. கொக்கிக் கயிற்றை வீசி மாடி மாடியாக ஏறலாம். இப்போது உலகத்தில் இல்லாத ஒரு கட்டடத்தின் ஓட்டுக்கூரையில் உட்கார்ந்து கீழே பிவா ஏரியைப் பார்ப்பதை வேறு எங்கே அனுபவிக்க முடியும்? பெரிய கோட்டைகளில் குறிப்பிட்ட சாமுராய்களை வீழ்த்தினால்தான் முக்கியப் பெட்டி திறக்கும். அவர்கள் ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். அவசரப்பட்டால் மணி அடித்துவிடுவார்கள், அப்புறம் உதவிப்படை வந்துவிடும்.

யாசுகேயை எடுத்தால் இது வேறு விளையாட்டு. கதவைத் திறக்க மாட்டார், உடைத்துக்கொண்டு உள்ளே போவார். நீண்ட கம்பின் முனையில் வாள் பொருத்திய நாகினாட்டாவைச் சுழற்றும்போது அந்தக் கனம் கையில் தெரிகிறது. ஆனால் ஏறுவதில் மெதுவானவர், கோபுர உச்சிகள் பலவற்றுக்குப் போக முடியாது. கதையில் அவர் கைக்கு வரவே பல மணி நேரம் ஆகிறது, வந்த பிறகும் நான் தேவைப்பட்ட இடத்தில் மட்டும்தான் அவரை எடுத்தேன். ஒளிந்து போவதற்காக இவ்வளவு நுணுக்கமாகக் கட்டிய இடத்தில் நேராக நடந்து போக மனம் வரவில்லை. சண்டைப் பிரியர்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள், அதிலும் நியாயம் உண்டு.

குறைகள் உண்டு, நீண்ட நாள் விளையாடும்போதுதான் அவை உறுத்துகின்றன. கதையில் நாம் வீழ்த்த வேண்டிய எதிரிகளான முகமூடிக் கூட்டத்தை எந்த வரிசையிலும் வேட்டையாடலாம் என்று சுதந்திரம் கொடுத்ததில் கதையின் நடுப்பகுதி தொய்ந்துவிட்டது. யாரை முதலில் முடித்தாலும் பொருந்த வேண்டும் என்பதால் ஒவ்வொருவர் கதையும் தனித்தனியாக நிற்கிறது, ஒன்று இன்னொன்றைத் தள்ளிக்கொண்டு போவதில்லை. திறன்களின் அடுத்த படியைத் திறக்கக் கோயில்களில் தொலைந்த ஏடுகளைத் தேடி எடுக்கச் சொல்கிறது. முதல் சில கோயில்கள் அமைதியாக, பார்க்க இதமாக இருந்தன. பிறகு அதுவே வீட்டுப்பாடம் ஆகிவிட்டது. சாலையை விட்டு மலைச்சரிவில் இறங்கினால் அடர்ந்த காடு, வழுக்கும் பாறை, எந்தப் பக்கம் போகிறோம் என்றே தெரியாது. குறுக்கு வழி தேடுபவர்களுக்கு இந்த வரைபடம் ஒத்துழைக்காது. இந்தத் தொடரில் வரலாற்றுக் கதையோடு கூடவே வரும் நிகழ்காலக் கதையும் இதில் பெயருக்குத்தான் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்வேன். செட்டிங்கில், மணிக்கட்டில் ஒளித்திருக்கும் மறைகத்தித் தாக்குதல் எவரையும் ஒரே குத்தில் வீழ்த்தும்படி ஒரு தேர்வு இருக்கிறது. முதலில் அது அணைந்திருக்கும், போட்டுவிடுங்கள். அவ்வளவு பாடுபட்டுப் பின்னால் போய்க் குத்திய பிறகு, லெவல் அதிகம் என்பதற்காக அவன் எழுந்து சண்டைக்கு வருவது அந்த உழைப்பையே வீணாக்குகிறது. அடுத்து, குரல்களை இம்மர்சிவ் முறைக்கு மாற்றுங்கள்: ஜப்பானியர்கள் ஜப்பானிய மொழியிலும் பாதிரியார்கள் போர்த்துகீசிய மொழியிலும் பேசுவார்கள். வசனத்தைக் கீழே படிக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. கடைசியாக, இலக்கு இருக்கும் இடத்தை நேராகக் காட்டும் வழிகாட்டியை நிறுத்திவிடுங்கள். ஊருக்கு மேற்கே, ஆற்றுக்குப் பக்கத்தில் என்ற குறிப்பை வைத்து நாமே தேடிப்போவதற்காகத்தான் இந்த நாட்டை இவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறார்கள்.

2025 செப்டம்பரில் வந்த கிளாஸ் ஆஃப் அவாஜி (Claws of Awaji) விரிவாக்கத்தில் நாவோயேவுக்கு நீளமான போ கோல் ஆயுதமாகக் கிடைக்கிறது. முதன்மைக் கதை பாதியில் விட்டதுபோலத் தோன்றிய ஒரு நூலையும் அது எடுத்துப் பிடிக்கிறது. முதன்மைக் கதையை முடித்துவிட்டு நேராக அங்கே போவதுதான் சரியான வரிசை. இடையில் நீண்ட இடைவெளி விட்டால் யார் யார் என்ன உறவு என்று மறந்துவிடும்.