அஃபிலியேட் திட்டங்கள்: பல பருவங்கள் பார்த்த பிறகு

பாபநாசத்தில் இருந்துகொண்டு விவசாயக் கருவிகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறேன். வருமானத்தில் ஒரு பங்கு அஃபிலியேட் கமிஷனாக, அதாவது என் கட்டுரையில் உள்ள லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் விற்பவர் எனக்குத் தரும் பங்காக, வருகிறது. குறுவை, சம்பா, தாளடி என்று பல பருவங்களை இந்தத் திட்டங்களோடு கடந்தாயிற்று. எதில் சேரலாம் என்று கேட்பவர்களிடம் கமிஷன் சதவீதத்தைக் கடைசியில்தான் சொல்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது குக்கியின் ஆயுள். லிங்க்கை அழுத்தியவர் நம் வழியாக வந்தார் என்று அவருடைய பிரவுசரில் பதிந்துவைக்கும் சிறு குறிப்புதான் குக்கி.

நம் லிங்க்கை அழுத்தியவர் எவ்வளவு நேரத்துக்குள் வாங்கினால் கமிஷன் நமக்குச் சேரும் என்ற கணக்கு அது. அமேசானில் 24 மணி நேரம். அதற்குள் கூடையில் போட்டுவைத்த பொருளுக்கு மட்டும் அவகாசம் நீளும். டார்ச் லைட், தார்ப்பாய் போன்றவற்றுக்கு அது தாராளம். பதினாறு லிட்டர் பேட்டரி ஸ்பிரேயரை இங்கே யாரும் ஒரே நாளில் வாங்குவதில்லை. கட்டுரையைப் படித்துவிட்டு மச்சானிடம் காட்டுவார்கள். கும்பகோணம் போகும்போது கடையில் விலை கேட்பார்கள். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கியில் ஏறிய பிறகுதான் முடிவெடுப்பார்கள். மேட்டூர் திறக்கும் ஜூன் மாதத்தில் என் கணக்கில் கிளிக் மளமளவென்று ஏறும், விற்பனை அசையாது. அந்தக் கிளிக்குகள் வாங்குதலாக மாறும்போது குக்கி எப்போதோ காலாவதியாகியிருக்கும். அதனால், கருவி விற்பவர்களே நடத்தும், 30 நாள் குக்கி தரும் திட்டம் குறைந்த சதவீதத்திலும் எனக்கு நிலையாகப் பணம் தருகிறது.

அடுத்தது, விற்றபின் கிடைக்கும் சேவை. பொருள் திரும்பிப் போனால் கமிஷனும் ரத்தாகும் என்பது சின்ன விஷயம். எங்கள் தெருக்காரர் ஒருவர் என் லிங்க் வழியாக வாங்கிய ஸ்பிரேயரில் இரண்டாவது மாதமே பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. பில்லில் இருந்த எண்ணில் மணி மட்டும் அடித்தது, எடுக்க ஆளில்லை. ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார். ஊருக்குள் எழுதுகிறவனுக்கு அந்த நம்பிக்கைதான் முதல். அதன் பிறகு எந்தத் திட்டத்தில் சேரும் முன்பும் வாடிக்கையாளரைப் போல அழைத்து, நாசிலும் வாஷரும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்கிறேன். பதில் வராத நிறுவனம் 15 சதவீதம் தந்தாலும் வேண்டாம்.

சேருவதற்கே பணம் கட்டச் சொன்னாலோ, ஆள் சேர்த்தால் பங்கு என்றாலோ அது அஃபிலியேட் அல்ல. இப்படி ஆள் சேர்ப்பதிலேயே பணம் புரளும் பிரமிடு திட்டங்களை 2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளே தடை செய்கின்றன. பான் எண்ணைத் தொடக்கத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். கமிஷனைத் தரும்போதே அதிலிருந்து பிடிக்கும் வரியான டிடிஎஸ் 2024 அக்டோபரில் 5-இலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. பான் இல்லையென்றால் 20 சதவீதம் போய்விடும். கமிஷன் வரும் லிங்க் என்பதைக் கட்டுரையின் தலையிலேயே தமிழில் எழுதுங்கள். படிப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இப்போது சில்லறைப் பொருள்களுக்கு அமேசானும், ஸ்பிரேயர், புல்வெட்டும் இயந்திரம் போன்றவற்றுக்கு கருவி விற்பவர்களே நடத்தும் திட்டமும் வைத்திருக்கிறேன். நெல் வயலில் தள்ளிக்கொண்டே களையெடுக்கும் கோனோவீடருக்கு உருப்படியான திட்டம் எதுவும் அகப்படவில்லை. அதைக் கேட்பவர்களுக்குப் பக்கத்து ஊர்ப் பட்டறைக்கு வழி சொல்லி அனுப்புகிறேன். அதில் எனக்குக் கமிஷன் கிடையாது.