கேண்டிடா ஆரிஸ் பூஞ்சைக்கு முன்னால் சானிடைசரும் சோப்பும்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்து நர்சிங் ஹோம்களுக்குக் கைச்சுத்தப் பொருள் வாங்குவோர் முன் பொதுவாக மூன்று தேர்வுகள் உண்டு: ஆல்கஹால் சானிடைசர், சோப்பு, ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று லேபிள் ஒட்டிய திரவம். மருத்துவமனைகளில் நோயாளிக்கு நோயாளி பரவும் கேண்டிடா ஆரிஸ் பூஞ்சையை மனத்தில் வைத்துப் பார்த்தால் இம்மூன்றும் சமமல்ல.

2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்ட இப்பூஞ்சையை, உலக சுகாதார நிறுவனம் 2022-இல் தன் பூஞ்சைப் பட்டியலின் மிக அபாயகரமான பிரிவில் சேர்த்தது. பூஞ்சைத் தொற்றுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் ஃப்ளூகோனசோல் மருந்துக்கு இது பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. மருந்துக்கே அடங்காதது சானிடைசருக்கா அடங்கும் என்று வார்டுகளில் கேட்பவர்கள் உண்டு, கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஃப்ளூகோனசோல் பூஞ்சையின் ஒரே ஒரு நொதியைத் தடுக்கிறது. ஆல்கஹாலோ செல்லின் சவ்வைச் சிதைத்துப் புரதங்களையும் குலைத்துவிடுவதால், அந்த நொதியை மாற்றிக்கொண்டு தப்பும் வழி இங்கே பலிப்பதில்லை. 60 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹாலை 20 முதல் 30 வினாடி, கை காயும்வரை தேய்க்க வேண்டும் என்பதே நிபந்தனை.

சோப்பு பூஞ்சையைக் கொல்வதைவிடக் கழுவி அகற்றுகிறது. இரத்தமோ சீழோ கண்ணுக்குத் தெரியும் கைக்கு அதுவே சரி. ஆனால் அதற்கு 40 முதல் 60 வினாடி வேண்டும், குழாய் வேண்டும், லாரித் தண்ணீரை எதிர்பார்க்கும் கோடையில் தண்ணீரும் வேண்டும். இரவுப் பணியில் கட்டில் கட்டிலாக ஓடும் செவிலியரிடம் ஒவ்வொரு தடவையும் இதை எதிர்பார்ப்பது நடக்கிற காரியமல்ல. கழுவிய ஈரத்தோடேயே சானிடைசர் பம்ப்பை அரை அழுத்து அழுத்தி, காய்வதற்குள் ஏப்ரனில் துடைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் மோசம். ஈரம் ஆல்கஹாலை நீர்க்கச் செய்துவிடுகிறது.

மூன்றாவதை நான் வாங்கமாட்டேன். அதில் பெரும்பாலும் இருப்பது பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினி. அவ்வகைச் சேர்மங்களில் பல இப்பூஞ்சையிடம் தோற்றுப்போகின்றன.

கட்டில் கம்பி, பிபி கருவியின் பட்டை போன்றவற்றில் இப்பூஞ்சை வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். அங்கே சானிடைசரைத் தெளிப்பது வீண் செலவு; சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) கரைசலை அன்றன்று புதிதாகக் கலந்து, லேபிளில் சொன்ன நேரம்வரை பரப்பு ஈரமாகவே இருக்கும்படி துடைக்க வேண்டும்.