ரிம்வேர்ல்ட்: சத்துக்கூழ் இயந்திரமா, சமையல் அடுப்பா?

குடியேற்றம் ஒன்றை நடத்திப் பிழைக்கவைக்கும் கணினி விளையாட்டு ரிம்வேர்ல்ட். அதில் குளிர்காலம் நெருங்கும்போது என் தேர்வு, மூலப்பொருளைத் தானே கூழாக்கித் தரும் சத்துக்கூழ் இயந்திரம்தான். ஒரு வேளைக்கு 6 அலகு மூலப்பொருள் போதும். அடுப்பில் சாதாரண உணவுக்கே 10 வேண்டும். பசியை இரண்டும் ஒரே அளவில் ஆற்றுகின்றன. அறுவடை பொய்த்த ஆண்டில் இந்த வித்தியாசம்தான் குடியேற்றத்தைக் காப்பாற்றும். சமைக்க ஆள் வேண்டாம். அந்தக் கைகள் வயலுக்குப் போகலாம். உணவு நஞ்சாகும் அச்சமும் இல்லை. திறமையற்றவர் அடுப்பைத் தொட்டால், கொள்ளையர் வரும் நேரத்தில் காவலர்கள் வாந்தியெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கூழ் தின்றால் மனநிலை 4 புள்ளி சரியும். மின்சாரம் நின்றால் கூழும் நிற்கும். அடுப்பில் இறைச்சியும் காய்கறியும் சேர்த்துச் சமைத்த நல்ல உணவோ 5 புள்ளி உயர்த்தும். விறகு அடுப்புக்கு மின்சாரமே தேவையில்லை. தேர்ந்த சமையற்காரரும் நிறைந்த கிடங்கும் அமைந்தபின் தயங்காமல் மாறுங்கள். கூழ் இயந்திரத்தை மட்டும் இடித்துவிடாதீர்கள்.