போலி முகவரிச் சேர்க்கை: துப்புக் கொடுப்பதா, எல்லோரையும் சரிபார்ப்பதா, வழக்குத் தொடுப்பதா?

அமெரிக்காவில் பொதுப்பள்ளிக் கல்வி இலவசம்தான். ஆனால் எந்தப் பள்ளி என்பதைக் குடும்பம் குடியிருக்கும் முகவரியே தீர்மானிக்கிறது. கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் பாலோ ஆல்டோ, கூப்பர்டினோ போன்ற ஊர்களில் வீடு தேடும் குடும்பங்கள், அவர்களில் தமிழர்களும் அடக்கம், பள்ளி எல்லையைப் பார்த்துவிட்டுத்தான் வாடகையைப் பற்றிப் பேசவே தொடங்குகிறார்கள். வருமானத்தின் பெரும்பகுதியை அந்த முகவரிக்காகவே செலவிடும் ஒருவருக்கு, வேறு ஊரில் வசித்துக்கொண்டு உறவினர் வீட்டு மின்கட்டண ரசீதைக் காட்டிப் பிள்ளையைச் சேர்த்தவர்மீது எழும் கோபம் நியாயமற்றது என்று சொல்ல முடியாது. சட்டமும் அவர் பக்கமே நிற்கிறது. டெக்சஸ் மாநிலத்தின் மெக்காலன் பள்ளி மாவட்டம் (ஒரு வட்டாரத்தின் பொதுப்பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்துக்கு இப்பெயர்) தொடர்பான வழக்கில், இலவசக் கல்விக்கு உண்மையான குடியிருப்பை நிபந்தனையாக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1983-இல் தீர்ப்பளித்தது. எனவே பள்ளி மாவட்டம் சரிபார்க்கலாமா என்பதில் இனி விவாதமில்லை. எந்த முறையில் சரிபார்ப்பது என்பதே கேள்வி.

முறைகளை எடைபோடும் முன், இழப்பு எல்லா மாவட்டங்களிலும் ஒரே அளவினதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு, மாணவர் வருகையைக் கணக்கிட்டு மாநில அரசு நிதி தருகிறது. அங்கே வெளியூர்ப் பிள்ளை ஒருவர் சேர்ந்தால் அவருக்கான நிதியும் உடன் வருகிறது. ஆனால் உள்ளூர்ச் சொத்து வரியே மாநிலம் நிர்ணயித்த அளவைத் தாண்டிவிடும் பாலோ ஆல்டோ, ஃப்ரீமாண்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டம் (பெயரில் ஃப்ரீமாண்ட் இருந்தாலும் இது கூப்பர்டினோ, சன்னிவேல் வட்டாரத்துக்கு உரியது) போன்றவற்றில் மாணவர் எண்ணிக்கை கூடினாலும் வருமானம் கூடுவதில்லை. பெவர்லி ஹில்ஸ் மாவட்டம் மாநில நிதி வரவுக்காக வெளியூர் மாணவர்களுக்கு அனுமதிச் சீட்டு வழங்கிவந்தது; சொத்து வரியையே நம்பும் நிலைக்கு மாறியபோது, 2010-இல் அந்த அனுமதிகளை நிறுத்த முடிவெடுத்தது. வெளியூர்ப் பிள்ளை வரவேற்புக்குரியவரா சுமையா என்பதைப் பல இடங்களில் இந்த நிதிக் கணக்கே முடிவு செய்கிறது.

முதல் வழி, துப்பு. பல மாவட்டங்கள் இதற்கெனத் தொலைபேசி எண்ணோ இணையப் படிவமோ வைத்திருக்கின்றன. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். மாவட்டத்துக்குச் செலவு குறைவு, புகார் தருபவருக்குத் தொல்லை இல்லை என்பவை இதன் வசதிகள். குறையோ அடிப்படையிலேயே இருக்கிறது. புகார் தருபவர் கண்ணுக்குத் தெரிவது, காலையில் வேறு ஊரிலிருந்து வரும் காரும் அதிலிருந்து இறங்கும் பிள்ளையும் மட்டுமே. பள்ளி அலுவலகத்தில் உள்ள கோப்பு அவருக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை மாவட்டங்களுக்கு இடையிலான முறையான மாறுதல் அனுமதியில் வந்திருக்கலாம். பிரிந்துவிட்ட பெற்றோரில் ஒருவர் எல்லைக்குள் வசிக்கலாம். பிள்ளை தன்னோடு வசிக்கிறது என்று பாட்டி பராமரிப்பாளர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து வளர்க்கும் பிள்ளையாக இருக்கலாம். பெற்றோர் வாரத்தில் குறைந்தது 10 மணி நேரம் அந்த எல்லைக்குள் வேலை செய்தால் சேர்க்கை அளிக்கவும் கலிஃபோர்னியச் சட்டம் மாவட்டத்துக்கு இடம் தருகிறது. புகார் தந்த பிறகும் அவருக்கு எதுவும் தெரியவராது; மாணவர் பதிவுகளைக் காக்கும் 1974-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, விசாரணையின் முடிவைப் பள்ளி அவரிடம் சொல்ல முடியாது. ஆகவே தன் சந்தேகம் தவறு என்று அறிந்து திருத்திக்கொள்ளும் வாய்ப்பே இல்லாத புகார் இது. அந்த ஊருக்குப் பொருந்தாதவர்போலத் தோன்றும் குடும்பங்கள்மீதுதான் இத்தகைய புகார்கள் அதிகம் விழும் என்று எதிர்பார்ப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

சந்தேகத்தின் பேரில் ஒரு குடும்பத்தைக் குறிவைத்து விசாரிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2014-இல் ஒரிண்டா நகரத்தில் பார்த்தோம். ஒரு வீட்டில் தங்கிக் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்த பெண்ணின் ஏழு வயது மகள் அங்கே வசிக்கவில்லை என்று, தனியார் துப்பறிவாளரை அமர்த்தி விசாரித்த பள்ளி மாவட்டம் முடிவு செய்தது. செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்த பின், வேலை கொடுத்தவரே பராமரிப்பாளராகப் பத்திரம் கொடுக்க, சிறுமி பள்ளியில் தொடர்ந்தாள். அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது. அதன்படி, விசாரணை தொடங்கக் குறிப்பிட்டுச் சொல்லக்கூடிய ஆதாரம் வேண்டும். மாணவர்களை மறைந்திருந்து படமெடுக்கக் கூடாது. விசாரிப்பவர் தான் யார் என்பதை மறைக்கக் கூடாது. குடும்பத்துக்கு மேல்முறையீட்டு வழி இருக்க வேண்டும். துப்பு முறையை முற்றிலும் விட முடியாது என்று சொல்லும் மாவட்டங்கள் குறைந்தபட்சம் இந்த வேலிகளுக்குள் நின்றாக வேண்டும்.

இரண்டாவது வழி, யாரையும் குறிவைக்காமல் எல்லோரையும் சரிபார்ப்பது. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழையும் ஒவ்வொரு குடும்பத்திடமும் வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்து வரி ரசீது, நடப்பு மாத மின்கட்டணம் முதலியவற்றைப் புதிதாகக் கேட்டால், மழலையர் வகுப்பில் ஒருமுறை முகவரி காட்டிவிட்டுப் பின்னர் மலிவான ஊருக்குக் குடிபெயர்ந்தவர்கள், ஒருவர்மீது ஒருவர் புகார் எழுதாமலேயே தெரியவருவார்கள். அண்டை வீட்டாரை ஒற்றராக்காமல் நடப்பது இதன் பெரிய பலம். ஆனால் இது செலவும் அலுவலக உழைப்பும் கோருவது. இரட்டை வீடு வைத்திருக்கும் வசதியானவரை இது அவ்வளவாகப் பிடிக்காது. சிறிய அடுக்ககத்தை வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு வேறிடத்தில் வசிப்பவரிடம் எல்லாத் தாள்களும் ஒழுங்காக இருக்கும். மாறாக, தம் பெயரில் ஒப்பந்தமே இல்லாமல் ஓர் அறையில் உள்வாடகைக்கு இருப்பவர்தான் திணறுவார். வீட்டை இழந்தோ வறுமையாலோ உறவினரோடு ஒண்டியிருக்கும் பிள்ளைகளை, ஆவணம் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்க வேண்டும் என்று மெக்கின்னி-வென்டோ சட்டம் கூறுகிறது. சரிபார்ப்புப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே இதைத் தெளிவாக எழுதாத மாவட்டம், உரிமையுள்ள பிள்ளைகளையே வாசலில் திருப்பி அனுப்பும். இந்தக் குறைகளோடும்கூட, மூன்றில் இதுவே எனக்கு ஏற்புடையது.

மூன்றாவது, நீதிமன்றம். இதில் தண்டனை கோரும் குற்ற வழக்கும் பணத்தைத் திரும்பக் கோரும் உரிமையியல் வழக்கும் ஒன்றல்ல. ஒஹையோவின் ஏக்ரன் நகரத்தில் வசித்த ஒரு தாய், தன் தந்தையின் முகவரியைக் காட்டி இரு மகள்களையும் பக்கத்துக் காப்ளி-ஃபேர்லான் மாவட்டப் பள்ளிகளில் சேர்த்தார். மாவட்டம் துப்பறிவாளரை வைத்துப் படம்பிடித்தது. சுமார் 30,000 டாலர் கட்டணம் கேட்டது. 2011-இல் ஆவணத்தைத் திரித்த பெருங்குற்றத்துக்காக அவருக்குப் பத்து நாள் சிறைத் தண்டனை கிடைத்தது. பள்ளி உதவியாளராக வேலை செய்துகொண்டு ஆசிரியராகப் படித்துவந்த அவருடைய எதிர்காலத்தையே அந்தக் குற்றப்பதிவு அழித்துவிடும் என்ற நிலையில், ஆளுநர் ஜான் கேசிக் அதே ஆண்டில் அதைச் சிறு குற்றமாகக் குறைத்தார். வாஷிங்டன் டி.சி. வேறு பாதையில் போகிறது. மேரிலாந்தில் வசித்துக்கொண்டு நகரப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள்மீது அதன் தலைமை வழக்கறிஞர், அரசைப் பொய் சொல்லி ஏய்ப்பவர்களுக்கு எதிரான பொய்க்கோரிக்கைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்து, ஏய்த்த கட்டணத்தின் மும்மடங்கு வரை கோர முடியும். வசதியிருந்தும் ஏய்த்தவரிடம் பணத்தைத் திரும்பப் பெறுவதில் எனக்கு மறுப்பில்லை; சிறையில் அடைப்பதால் மாவட்டத்துக்கு ஒரு டாலரும் திரும்பி வந்துவிடப் போவதில்லை.

இம்மூன்றும் பிடிப்பதைப் பற்றியவை; பொய் சொல்லும் தேவையைக் குறைக்கும் வழியும் அதே விரிகுடாப் பகுதியில் இருக்கிறது. ஏழை ஊரான கிழக்கு பாலோ ஆல்டோவின் பள்ளிகள் தொடர்பாகப் பெற்றோர்கள் 1976-இல் தொடுத்த டின்ஸ்லி வழக்கு 1986-இல் உடன்பாட்டில் முடிந்தது. அதன்படி அந்த ஊரை உள்ளடக்கிய ரேவன்ஸ்வுட் மாவட்டத்துப் பிள்ளைகள் சிலர் ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் பாலோ ஆல்டோ, மென்லோ பார்க் முதலிய மாவட்டங்களுக்குச் சட்டபூர்வமாகவே செல்கிறார்கள். அவர்களைக் கொண்டுவிடும் வாகனத்தைப் பார்த்து யாராவது புகார் எழுதினாலும் கோப்பு சரியாகவே இருக்கும். ஆனால் இடங்கள் குறைவு. விண்ணப்பிக்கும் வாய்ப்பும் மழலையர் வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரையே. பத்து வயதில் கிழக்கு பாலோ ஆல்டோவுக்குக் குடிவரும் பிள்ளைக்கு இந்தக் குலுக்கல் இல்லை. அவனுடைய பெற்றோருக்கு எஞ்சுவது, இரு மாவட்டங்களும் ஒப்ப வேண்டிய மாறுதல் அனுமதியும், வேலையிடத்தைக் காட்டிச் சேர்க்கை கேட்கும் விதியும்தான். அந்த விதியின்கீழ் சேர்ப்பதும் மறுப்பதும் மாவட்டத்தின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது.