மைடேக்ஸ் ஆட்சேபச் சேவை: எளிய தவறுக்கு நல்ல வழி, கடைக்கணக்குக்குப் பாதி வழி

வரி மதிப்பீட்டு நோட்டீஸில், அதாவது நாம் சொல்லும் என்ஓஏவில், தொகை தவறாக இருந்தால், சிங்கப்பூர் வரித்துறையான ஐராஸின் மைடேக்ஸ் இணையத்தளத்தில் உள்ள ‘ஆப்ஜெக்ட் டு அசெஸ்மெண்ட்’ சேவைதான் முறையான வழி. சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக நுழைந்து, மதிப்பீட்டு ஆண்டைத் தேர்ந்தெடுத்து, எந்த இனம் தவறோ அதைத் திருத்தி, காரணத்தை எழுதி அனுப்பவேண்டும். கட்டணம் கிடையாது, ஏஜெண்டும் தேவையில்லை. பக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் கடை நடத்தும் பெரியவர்கள் பக்கத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொள்வது நல்லது. காரணம் எழுதும் இடத்தில்தான் வழக்கின் பலமே இருக்கிறது.

கால அளவு கறாரானது. தனிநபருக்கும் தனி உரிமையாளருக்கும் 30 நாள். நிறுவனத்துக்கு 2 மாதம். இந்த நாள்கள் நோட்டீஸில் அச்சிட்ட தேதியிலிருந்து ஓடுகின்றன, திறந்து படித்த நாளிலிருந்து அல்ல. மே 5 தேதியிட்ட நோட்டீஸுக்கு ஜூன் 4 கடைசி.

பலர் மாட்டிக்கொள்வது பணம் கட்டும் விஷயத்தில். ஆட்சேபம் போட்டுவிட்டோமே, முடிவு வரட்டும் என்று வரியை நிறுத்திவைக்கக் கூடாது. நோட்டீஸ் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டவேண்டும். ஆட்சேபம் வென்றால் அதிகப்படி திரும்ப வரும். கட்டாவிட்டால் 5% அபராதம்: 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரிக்கு 120 வெள்ளி. அப்புறமும் இழுத்தால் அதற்கு மேல் மாதம் 1% கூடுதல் அபராதம், அது 12% வரை போகும். கையில் ரொக்கம் இல்லையா? வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ முறையில் 12 தவணை வரை வட்டியில்லாமல் கேட்கலாம். சிறு கடைக்காரருக்கு இது பெரிய நிம்மதி.

சம்பளத் தொகை தவறு என்றால் இந்தச் சேவையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். முதலாளி நேரடியாக ஐராஸுக்கு அனுப்பிய விவரத்தை முதலாளிதான் திருத்தி அனுப்பவேண்டும். உங்கள் வேலையிட மனிதவளப் பிரிவிடம் முதலில் பேசுங்கள்.

பெற்றோரைப் பராமரிப்பவருக்கான வரிக்கழிவு, அதாவது பெற்றோர் நிவாரணம், நம் குடும்பங்களில் அடிக்கடி சிக்கும் இனம். உடன் வசிக்கும் பெற்றோர் ஒருவருக்கு 9,000 வெள்ளி, தனியே வசித்தால் 5,500. ஆனால் அவர் சிங்கப்பூரில் வசித்திருக்கவேண்டும். தஞ்சாவூரிலோ ஜொகூரிலோ இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பினாலும் இந்த நிவாரணம் கிடைக்காது. ரசீதுகளை எத்தனை இணைத்தாலும் ஆட்சேபம் நிற்காது. அண்ணன், தம்பி இருவரும் ஒரே பெற்றோருக்குக் கோரினால், யாருக்கு எவ்வளவு என்று வீட்டிலேயே பேசி முடித்து அதே பங்கை இருவரும் எழுதுங்கள்.

வியாபாரக் கணக்கில் சேவை பாதி வழிதான் வரும். வரவு 2 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் படிவத்தில் வரவும், செலவைக் கழித்துச் சரிக்கட்டிய லாபமும் மட்டுமே கேட்பார்கள். இந்தச் சுருக்கம் வசதிதான். ஆனால் எந்தச் செலவைக் கழித்தீர்கள் என்பது அதில் தெரியாது. பிறகு கேள்வி வரும்போது ரசீதுகளைக் கொண்டுதான் பதில் சொல்லவேண்டும். அவற்றை 5 ஆண்டு வைத்திருப்பது சட்டக் கடமையும்கூட. சொந்தக் காருக்கான பெட்ரோல், பார்க்கிங், பழுதுச் செலவு, அது சரக்கெடுக்கவே ஓடினாலும் கழிவாகாது. வேன், லாரிச் செலவு கழிவாகும். உரிமையாளர் தனக்கே எடுத்துக்கொண்ட சம்பளமும் ஆகாது. மனைவி கடையில் உண்மையாக வேலை பார்த்து, வேலைக்கேற்ற சம்பளம் வாங்கினால் அது செலவாகும். அதற்கு வங்கிப் பரிமாற்றப் பதிவு இருக்கட்டும். காரணப் பகுதியில் “எல்லாம் வியாபாரச் செலவு” என்று பொதுவாக எழுதாமல், இனம், தொகை, எதற்காக என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்.

படிவமே தாக்கல் செய்யாததால் உத்தேசத் தொகையில் நோட்டீஸ் வந்திருந்தால், உடனே படிவத்தைத் தாக்கல் செய்வதுதான் மருந்து. தொகை அதிகம் என்று புகார் மட்டும் எழுதுவதில் பயனில்லை.

ஐராஸ் இணங்காவிட்டால் மறுப்பு அறிவிப்பு வரும். அதன் தேதியிலிருந்து 30 நாளுக்குள் வருமான வரி மறுஆய்வு வாரியத்தில் மேல்முறையீட்டு அறிவிப்பும், அதிலிருந்து இன்னொரு 30 நாளுக்குள் விரிவான மனுவும் கொடுக்கவேண்டும். மதிப்பீடு அதிகம் என்று நிரூபிக்கும் பொறுப்பு வரி செலுத்துபவருடையது. அந்தக் கட்டத்துக்கு வழக்கறிஞரோ வரி ஆலோசகரோ தேவை. அவர் கட்டணம் சர்ச்சைத் தொகையை விஞ்சுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

30 நாள் தவறிவிட்டது, பிழையோ உங்கள் படிவத்தில்தான் என்றால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 4 ஆண்டுக்குள் பிழை நிவாரணம் கோர இடமுண்டு. குறைத்துக் காட்டிய வருமானம் என்றால், ஐராஸ் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். தாக்கல் கெடுவிலிருந்து ஓராண்டுக்குள் முழுமையாகத் தெரிவித்து ஒத்துழைத்தால் அபராதம் இல்லை.