எல்ஆர்டியில் மாண்டரின்: அன்கி செயலியோடு சில ஆண்டுகள்

கோலாலம்பூரில் வேலை தேடியவர்களுக்குத் தெரியும், "மாண்டரின் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை" என்ற வரி எத்தனை விளம்பரங்களில் வரும் என்று. அந்தச் சீன மொழியைப் படிக்க எனக்கு வகுப்புக்குப் போக நேரமில்லை. கிடைப்பதெல்லாம் எல்ஆர்டி நகர ரயிலில் செந்தூலிலிருந்து மஸ்ஜித் ஜாமெக் வந்து, அங்கே ரயில் மாறி கேஎல்சிசி போகும் நேரம்தான். பெரும்பாலும் நின்றபடிதான் பயணம். ஒரு கை கம்பியில், மறு கையில் கைப்பேசி. இப்படி நின்றுகொண்டு படிக்க முடிகிற செயலிதான் எனக்குத் தேவைப்பட்டது. பலவற்றைப் பார்த்த பிறகு தங்கியது அன்கி என்ற நினைவு அட்டைச் செயலி மட்டும்.

அதற்கு முன்பு பிரபலமான ஒரு மொழிச் செயலி வைத்திருந்தேன். படம், இசை, புள்ளிகள், தரவரிசை எல்லாம் உண்டு. ஒரு நாள் விட்டாலும் தொடர் வருகைக் கணக்கு அறுந்துபோகும் என்று அது பயமுறுத்தும். அதற்காகவே தூக்கக் கலக்கத்தில் தெரிந்த பாடத்தையே மறுபடி தட்டிவிட்டுப் படுப்பேன். கணக்கு வளர்ந்தது, சீனம் வளரவில்லை. நான்கு விடைகளில் சரியானதைத் தொடுவதில் மட்டும் கெட்டிக்காரி ஆனேன். அலுவலகத்தில் யாராவது மாண்டரினில் கேட்டால், தேர்ந்தெடுக்க நான்கு விடைகளா கொடுப்பார்கள்?

டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்ட அன்கியில் இந்த ஜோடனை எதுவும் கிடையாது. அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. நீங்களாக நினைவுகூர வேண்டும், அப்புறம் திருப்பிப் பார்த்து மறுபடி, கடினம், சரி, எளிது என்ற நான்கில் ஒன்றை அழுத்த வேண்டும். அதை வைத்து அட்டை நாளைக்கு வருமா, அடுத்த மாதம் வருமா என்று செயலி முடிவுசெய்யும். மறக்கப்போகிற நேரத்தில் நினைவூட்டுவதுதான் சூட்சுமம். மறதியை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் ஆராய்ந்து எழுதியது 1885-இல். அன்கி நெடுங்காலம் பின்பற்றிய கணக்குமுறை போலந்துக்காரர் வோஸ்னியாக் 1987-இல் உருவாக்கியது. 2023 கடைசியில் கணினிப் பதிப்பில் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய முறை வந்தது, பிறகு ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. நாம் இதுவரை அழுத்திய பதில்களைப் பார்த்து, 90 சதவீதம் நினைவிருக்க வேண்டும் என்றால் அதற்கேற்ற இடைவெளியை அது கணிக்கும். மாற்றிய பிறகு எனக்குச் சுலபமான சொற்கள் பல மாதம் தள்ளிப் போய்விட்டன. காலைச் சுமை நன்றாகவே குறைந்தது.

கைப்பேசிக்கென்று பாடம் அமைப்பவர்கள் கட்டைவிரலைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பேன். ஸ்டீவன் ஹூபர் 2013-இல் 1,333 பேரைப் பொது இடங்களில் கவனித்தார். திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையால்தான் பயன்படுத்தினார்கள். என் ரயில் பெட்டியில் எண்ணினால் இன்னும் கூடுதலாக இருக்கலாம்! அன்கியின் ஆண்ட்ராய்டு வடிவமான அன்கிடிராய்டில் பொத்தான்கள் திரையின் அடியில் இருக்கின்றன, எந்தப் பக்கம் விரலை இழுத்தால் எந்தப் பதில் என்றும் அமைத்துக்கொள்ளலாம். ஒரு அட்டைக்குச் சில விநாடி போதும். மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கும்போது பையில் போட்டால், அடுத்த ரயிலில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பத்து நிமிடக் காணொளிப் பாடத்தில் இது நடக்காது. ஒலிப்பதிவும் கைப்பேசியிலேயே இருப்பதால் டேட்டாவும் வேண்டாம். உட்கார இடம் கிடைத்த நாளில் அட்டைமேலேயே விரலால் எழுத்தை வரைந்து பழகுவேன், அதற்கும் வசதி இருக்கிறது.

இணையத்தில் இலவச அட்டைத் தொகுப்புகள் ஏராளம். எனக்கு ஒட்டியவை நானே செய்தவைதான். பொருளைத் தமிழில் தட்டச்சு செய்வேன், செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியில். நம்மூர் முத்து நெடுமாறன் உருவாக்கி 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியான அதே செல்லினம். உச்சரிப்பை மட்டும் தமிழில் எழுதிவைக்காதீர்கள், சொல்லின் பொருளையே மாற்றும் மாண்டரினின் நான்கு தொனிகள் தமிழ் எழுத்தில் பிடிபடாது. பக்கத்து மேசை சீனத் தோழியிடம் கெஞ்சி அவர் குரலைப் பதிவுசெய்து சேர்த்தேன்.

குறைகளும் இருக்கின்றன. தொடக்கத்தில் ஒரு நாளுக்கு 20 புதிய அட்டை என்று வைத்திருக்கும், வேலைக்குப் போகிறவருக்கு அது அதிகம். 5 போதும். தீபாவளிக்கு ஈப்போ போய்த் திரும்பினால் அட்டைகள் மலையாகக் குவிந்திருக்கும். செயலி திட்டாது, ஆனால் அந்த எண்ணைப் பார்த்தாலே மூடிவைக்கத் தோன்றும். தினசரி உச்சவரம்பைக் குறைத்துவிட்டு மெல்லக் கரைப்பதுதான் வழி. ஆண்ட்ராய்டில் தன்னார்வலர்கள் இலவசமாகத் தருகிறார்கள், ஐபோனில் 25 அமெரிக்க டாலர் அளவுக்குக் கட்டணம். ஒரே தடவைதான் என்பதால் எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

பேச்சு மட்டும் இதில் வராது. கூட்டமான ரயிலில் தொனி போட்டுப் பேசிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை, அதற்கு மதிய உணவு நேரத்தில் தோழிதான் கதி. இன்னொன்று, பூடு பசாரில் காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசுவது இன்னொரு சீன மொழியான கேண்டனீஸ். மாண்டரினில் விலை கேட்டால் பதில் சொல்கிறார்கள், பேரம் பேசுமளவுக்கு நான் இன்னும் போகவில்லை. கேண்டனீஸுக்கும் தனி அட்டைத் தொகுப்பு தொடங்கியிருக்கிறேன், குரல் கொடுக்கத்தான் ஆள் தேட வேண்டும்.