பெட்டியின் அடியில் கிடந்த வயர்: ஒரு வயர்லெஸ் மவுஸ் மதிப்புரை

இந்த மவுஸை வாங்கிய மூன்றாம் நாளே திருப்பி அனுப்பிவிடுவதென்று முடிவு செய்து, அது வந்த பெட்டியைத் தேடி எடுத்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கர்சர் திடீரென்று தயங்கி நிற்கும்; பிறகு, அதுவரை கை அசைந்த தூரத்தையெல்லாம் ஒரே தாவலில் கடந்து திரையின் வேறொரு மூலைக்குப் போய்விடும். சில சமயம் அதே நிமிடத்தில் வைஃபையும் முடங்கும்: இணைப்புக் குறி முழுதாக இருக்கும், பக்கம் மட்டும் திறக்காது. கோபத்தோடு பெட்டியைக் கவிழ்த்தபோது, அட்டைத் தடுப்புக்கு அடியிலிருந்து ஒரு சாண் நீளமுள்ள யூஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்று விழுந்தது. மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கானது என்று முதல் நாளே நான் ஒதுக்கிவைத்த வயர் அது. ஆகவே, இந்த மதிப்புரையில் மவுஸைவிட அந்த வயருக்குத்தான் அதிக இடம் கிடைக்கும்.

மவுஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்ளங்கையில் சரியாக அமர்கிறது. பொத்தான்களின் சத்தம் பக்கத்தில் தூங்குபவரை எழுப்பாத அளவுக்குத்தான் இருக்கிறது. உருளையில் மட்டும் லேசான தளர்வு தெரிகிறது. யூஎஸ்பி துளையில் செருகும் நகத்தளவு ரிசீவர் மூலமாகவும் இணைக்கலாம், புளூடூத் மூலமாகவும் இணைக்கலாம். ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் ஓடுகிறது. பளபளக்கும் கண்ணாடி மேசையில் அடியிலுள்ள உணரி தடுமாறுகிறது. ஆனால் இவ்வகை மவுஸ்களில் இது வழக்கமானதுதான், கீழே ஒரு தாளை விரித்தால் தீர்ந்துவிடும்.

தாவும் கர்சருக்குத் தாளும் பயன்படவில்லை, புதிய பேட்டரியும் பயன்படவில்லை. மடிக்கணினியின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவை அழைத்தபோது, பேசியவர் என் விவரிப்பை முழுதாகக் கேட்காமலேயே விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவச் சொன்னார். எந்தக் கோளாறுக்கும் இந்த ஒரே மருந்தை எழுதித் தருபவர்கள் மீது எனக்கு நெடுநாளாகவே மரியாதை இல்லை. அதற்குப் பதிலாக, கோளாறு எப்போதெல்லாம் வருகிறது என்பதை ஒரு தாளில் நேரத்தோடு குறிக்கத் தொடங்கினேன். இரண்டாம் நாள் மாலையில் அந்தத் தாளே விடையைச் சொல்லிவிட்டது: குறித்திருந்த நேரங்களில் பெரும்பாலானவை வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் கோப்புகளை நகலெடுத்துக்கொண்டிருந்த நேரங்கள். நகலெடுப்பதை இடையில் நிறுத்தினால் கர்சர் வழுக்கிக்கொண்டு ஓடியது. தொடர்ந்தால் மறுபடியும் நொண்டியது. என் மடிக்கணினியின் வலப்புறத்தில் இரண்டு யூஎஸ்பி துளைகள் விரல் அகல இடைவெளியில் இருக்கின்றன. ஒன்றில் ரிசீவரும் மற்றொன்றில் ஹார்ட் டிஸ்கின் வயரும் தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்தன.

இதற்கான காரணம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது, அந்தச் சமிக்ஞையிலிருந்து கசியும் மின்காந்த இரைச்சல் மிக அகலமாகப் பரவுகிறது; வயர்லெஸ் மவுஸ், புளூடூத், பழைய வைஃபை ஆகிய மூன்றும் பகிர்ந்துகொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் அந்தப் பரப்புக்குள்தான் வருகிறது. 2012ஆம் ஆண்டிலேயே இன்டெல் நிறுவனம் இதை அளந்து, இரைச்சல் துளையிலிருந்தும், வயரிலிருந்தும், செருகிய கருவியிலிருந்தும் வெளியேறுகிறது என்றும், ரிசீவரை அவற்றிலிருந்து தள்ளிவைப்பதும் இரைச்சலைத் தடுக்கும் கவசத்தை மேம்படுத்துவதும் உதவும் என்றும் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. மவுஸ் அனுப்புவது மிக மெலிந்த சமிக்ஞை. மேளக் கச்சேரியின் நடுவில் காதோடு காதாக ரகசியம் சொல்வதைப் போன்றது அது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதுபோல, நான் திட்டியதெல்லாம் மவுஸை; சத்தம் போட்டதோ அதற்குப் பக்கத்துத் துளை.

அந்த ஒரு சாண் வயரின் ஒரு முனையை மடிக்கணினியில் செருகி, மறுமுனையில் ரிசீவரைப் பொருத்தி, மவுஸுக்கு அருகே மேசைமீது வைத்தேன். பெரிய கோப்பொன்றை நகலெடுக்கவிட்டு, கர்சரால் வட்டம் வட்டமாக வரைந்து பார்த்தேன். கோடு ஓரிடத்திலும் உடையவில்லை. இத்தகைய வயரைத் தனியாக வாங்க நினைப்பவர்கள் வேகமானதைத் தேட வேண்டாம். மவுஸின் சிறு தரவுக்கு யூஎஸ்பி 2.0 வயரே போதும். வயர் கைவசம் இல்லையென்றால் ரிசீவரை மடிக்கணினியின் எதிர்ப்பக்கத்துத் துளைக்கு மாற்றிப் பார்க்கலாம். உள்ளே கறுப்பு நாக்குள்ள யூஎஸ்பி 2.0 துளை இருந்தால் இன்னும் நல்லது. நீல நாக்கு யூஎஸ்பி 3.0க்கு உரிய அடையாளம் என்றாலும் எல்லாத் தயாரிப்பாளர்களும் அந்த நிறத்தைப் பின்பற்றுவதில்லை.

ஆனால் என் தாளில் இந்தக் கணக்கில் அடங்காத சில குறிப்புகளும் இருந்தன. ஹார்ட் டிஸ்க் செருகப்படாத நேரத்தில், சிறிது நேரம் படித்துக்கொண்டிருந்துவிட்டு மவுஸைத் தொட்டால், அது உயிர்பெற ஒரு கணம் பிடித்தது. கர்சர் தாவுவதும் மவுஸ் உறங்கிப்போவதும் வெவ்வேறு நோய்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் என் முதல் இரண்டு நாள்களையும் வீணாக்கியது. உறக்கத்துக்குக் காரணம் விண்டோஸின் மின்சேமிப்பு. கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், யூஎஸ்பி துளைகளை நிர்வகிக்கும் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பண்புகளைத் திறந்தால், மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இந்தக் கருவியை அணைக்கக் கணினிக்கு அனுமதி தரும் கட்டம் ஒன்று இருக்கும். அதிலுள்ள குறியை எடுத்தவுடன் தொல்லை நின்றது. சில புதிய மடிக்கணினிகளில் இந்தப் பக்கமே தென்படாது. லினக்ஸில் பவர்டாப் என்ற மின்சேமிப்புக் கருவிநிரல் மூலம் எல்லாவற்றையும் மின்சேமிப்புக்கு மாற்றியவர்களுக்கும் இதே உறக்கம் வரும்; மவுஸை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து விடுவித்தால் சரியாகும்.

வைஃபை அட்டைக்கும் இதேபோன்ற மின்சேமிப்பு அமைப்பு உண்டு என்பதால் அதையும் அணைத்துப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இணைப்பை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றியதுதான் பலனளித்தது. அது சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் மெலிந்துவிடும். ஆகவே, ரூட்டர் தொலைவில் இருப்பவர்கள் 2.4லேயே இருக்க நேர்ந்தால், அந்த அலைவரிசையின் உட்பிரிவுகளான சேனல்களில், ரூட்டரில் 1, 6, 11 ஆகியவற்றுள் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைப்பது நல்லது. 40ஆக வைத்தால் அந்த அலைவரிசையின் பாதியை வைஃபையே விழுங்கிவிடும், மவுஸுக்கு மூச்சுவிடும் இடம் குறையும்.

புளூடூத் முறையையும் ஒரு வாரம் பயன்படுத்தினேன். புளூடூத் ஒரே சேனலில் நில்லாமல் தாவிக்கொண்டே இருப்பதோடு, 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து இரைச்சலுள்ள சேனல்களைத் தவிர்க்கவும் கற்றிருக்கிறது. என்றாலும், பெரும்பாலான மடிக்கணினிகளில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே அட்டையில்தான் இருக்கின்றன; 2.4இல் பெரிய பதிவிறக்கம் நடக்கும்போது இரண்டும் முறைவைத்துப் பேச வேண்டியிருப்பதால், இந்த மவுஸில் மெல்லிய பிசுபிசுப்பை உணர முடிந்தது. வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும்போது அது இல்லை. துளை ஒன்று மிச்சமாகிறது என்பதால், பயணத்தில் நான் புளூடூத்தையே பயன்படுத்துகிறேன்.

மவுஸைத் திருப்பி அனுப்பவில்லை. அதற்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைந்த ஒன்று உருளைக்காக அன்று, கையேட்டுக்காக. பல மொழிகளில் எச்சரிக்கைகளை அச்சிட்டவர்கள், அந்த வயரை ஏன் வைத்தோம் என்பதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. டைப்-சி துளைகள் மட்டுமே உள்ள மடிக்கணினிக்கு இதை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த ரிசீவர் பழைய டைப்-ஏ வடிவத்தில் இருப்பதால் அதை ஒரு மாற்றியிலோ, பல துளைகள் கொண்ட ஹப்பிலோதான் செருக வேண்டியிருக்கும், அந்த ஹப்பிலேயே ஹார்ட் டிஸ்கும் செருகப்பட்டிருந்தால் நான் பட்ட பாடு அவர்களுக்கும் காத்திருக்கிறது. அவர்கள் ரிசீவரைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு முதல் நாளிலிருந்தே புளூடூத்தில் இணைத்துக்கொள்ளலாம்.